சுவரில் ஆறு சட்டம்: எந்த வீடியோ கேமுக்கு இடம்?

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் கேமிங் சென்டர் நடத்துகிற நண்பர் ஒருவர் இப்போதுதான் கடையைப் புதுப்பித்தார். உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு வெற்றுச் சுவர். அதில் ஆறு பெரிய படச் சட்டம் மாட்டி ஆறு கேம்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. "நம்ம கடைக்கு ஒரு ஹால் ஆஃப் ஃபேம் மாதிரிங்க" என்றார். எந்த ஆறு என்று வாய்விட்டுக் கேட்டதுதான் தாமதம், கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பட்டியலோடு வந்துவிட்டார்கள். பிளஸ் டூ படிக்கிற அவருடைய அக்கா பையன் ஃப்ரீ ஃபயர் என்கிற போன் கேமுக்கே மூன்று சட்டம் கேட்டான். கடைசியில் தேர்வுப் பொறுப்பு கடைக்காரர், அந்தப் பையன், நான் என மூன்று பேர் தலையில் விழுந்தது. எதை எதோடு ஒப்பிட்டோம், எது ஏன் ஜெயித்தது என்பதை எழுதி வைக்கிறேன். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் சேலத்தில் வளர்ந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும்.

இந்த வேலையை வருடா வருடம் ஒழுங்காகச் செய்கிற இடம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் ஊரில் உள்ள 'தி ஸ்ட்ராங்' என்கிற விளையாட்டு அருங்காட்சியகம் 2015இல் உலக வீடியோ கேம் ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியது. முதல் வருடம் அவர்கள் எடுத்ததும் ஆறுதான்: பாங், பேக்மேன், டெட்ரிஸ், சூப்பர் மாரியோ பிரதர்ஸ், டூம், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அளவுகோல் நான்கு. பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். வந்த வேகத்தில் காணாமல் போயிருக்கக் கூடாது. பல நாடுகளில் ஆடப்பட்டிருக்க வேண்டும். பின்னால் வந்த கேம்களையோ மக்களின் பழக்கத்தையோ மாற்றியிருக்க வேண்டும். இந்த நான்காவது மட்டும் பலமாக இருந்தால், மற்ற மூன்றும் முழுசாகப் பொருந்தாவிட்டாலும் சேர்க்கலாம் என்று ஒரு சலுகையும் உண்டு.

சரி, அந்த ஆறையே அப்படியே மாட்டிவிட்டால் என்ன? கடைக்காரர் முதலில் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பட்டியலைச் சேலத்தில் வைத்துப் பாருங்கள். பாங் வந்தது 1972இல். அதை இங்கே கண்ணால் பார்த்தவர் யார்? வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆட மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். அது வந்த 2004இல் எங்கள் தெருவில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் கேம் ஆடுகிற வயதைத் தாண்டியிருந்தார்கள். மீதி நான்கில் மாரியோவும் டெட்ரிஸும் மட்டும்தான் வீட்டுக்கு வீடு தெரிந்தவை.

அடுத்த யோசனை ஓட்டெடுப்பு. கவுன்டரில் ஒரு நோட்டைப் போட்டோம். வந்தவர்கள் எழுதியது ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ, வேலரன்ட், ஜிடிஏ ஃபைவ். இந்த மாதம் யார் கடைக்கு வருகிறார்கள் என்பதற்கு அது நல்ல கணக்கு, அவ்வளவுதான். ஒரு புண்ணியவான் ஆன்லைன் ரம்மி என்று எழுதியிருந்தார். அந்த வரியைக் கடைக்காரரே பேனாவால் அடித்தார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்ததற்கு முன்பே, அது எத்தனை வீட்டைக் காலி செய்தது என்று இந்த ஊர் பார்த்துவிட்டது. ராச்செஸ்டரிலும் பொதுமக்கள் ஓட்டு உண்டு. ஆனால் எத்தனை ஆயிரம் பேர் போட்டாலும், பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் கொண்ட குழுவின் ஓட்டுகளோடு சேர்கிற இன்னொரு ஓட்டுச் சீட்டாகத்தான் அது எண்ணப்படும். அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம்: நோட்டுக்கு ஓர் ஓட்டு, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொன்று.

விற்பனையை வைத்து முடிவு செய்யலாமே என்று ஒரு ஐடி நண்பர் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நம் ஊருக்கு கேம் வந்த வழியே வேறு. மாரியோவும், சுட்டுக்கொண்டே ஓடும் கான்ட்ராவும் ஜப்பான் கம்பெனியின் அசல் கேம் பெட்டியில் வரவில்லை. அதைப் பார்த்துச் செய்த மலிவு டிவி கேம் பெட்டியில், '9999 இன் 1' என்று ஒட்டிய மஞ்சள் கேசட்டில் வந்தன. அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் உண்மையான கேம் கொஞ்சம்தான் இருக்கும், மீதியெல்லாம் அதே கேம் வேறு பெயரில். ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி உலகம் முழுக்க 1.7 கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. அதில் சேலத்தின் பங்கு அநேகமாகக் கடுகளவு. ஆடியது மட்டும் ஊரே. மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய நகல் சிடி எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறாது. விற்பனையை வைத்துப் பார்த்தால் நாம் யாருமே கேம் ஆடவில்லை என்றுதான் வரும்.

அதனால் நான் ஓர் அளவுகோல் சொன்னேன். ஒருத்தன் ஆடும்போது அவன் நாற்காலிக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள்? அப்போதைய பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புரியும். பிளைவுட் தடுப்பு, அரைக் கதவு, உள்ளே ஒரு சிஸ்டம். காசு கொடுத்து உட்கார்ந்தவன் ஒருத்தன். தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் மூன்று பேர். "ஒரு சிஸ்டத்துக்கு ஒருத்தர்தான்பா, மத்தவங்க வெளிய போங்க" என்று கவுன்டரில் இருந்து அரை மணிக்கு ஒருமுறை குரல் வரும். நின்றவர்கள் போக மாட்டார்கள். அவர்களையும் கட்டிப்போட்ட கேம் எதுவோ அதற்குத்தான் இந்தச் சுவர். பையன் இதை ஒப்புக்கொள்ளவில்லை, "இப்பல்லாம் அவனவன் போன்ல ஆடறான், பின்னாடி யாரு மாமா நிப்பா?" என்றான். நல்ல கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் மோதல் மாரியோவுக்கும் கான்ட்ராவுக்கும். மாரியோ 1985இல் வந்தது. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். வலப்பக்கமாக ஓடித் தாவுகிற கேம் என்றால் இன்றைக்கும் எவரும் அதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். கான்ட்ரா 1987இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடுக்கும் அடுத்த வருடம் வீட்டுப் பெட்டிக்கும் வந்தது. செல்வாக்கு என்று பார்த்தால் மாரியோ பக்கத்தில் கான்ட்ரா நிற்கவே முடியாது. ராச்செஸ்டரில் 2025 வரை கான்ட்ராவுக்கு இடமும் கிடைக்கவில்லை.

ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதைப் பாருங்கள். மாரியோவில் முதல் ஆள் செத்தால்தான் இரண்டாவது ஆளான லூயிஜிக்கு முறை வரும். நன்றாக ஆடுகிற அண்ணன் கையில் ஜாய்ஸ்டிக் போனால் தம்பி சாப்பிட்டுவிட்டே வரலாம். கான்ட்ராவில் இரண்டு பேரும் ஒரே திரையில், ஒரே நேரத்தில். மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாக மேலே தாவ வேண்டும், திரையும் கூடவே மேலே நகரும். முந்திப் போகிறவன் அவசரப்பட்டால், பின்தங்கியவன் திரையின் அடிவிளிம்பில் மாட்டிச் செத்துப்போவான். எதிரி சுட்டுச் செத்ததைவிட, கூட ஆடினவன் மேலே ஏறியதால் செத்ததுதான் அதிகம். "இருடா, இருடா" என்று கத்துவதும், அவன் காதிலேயே வாங்காமல் ஏறுவதும், அப்புறம் ஜாய்ஸ்டிக் ஒயரைப் பிடித்து இழுப்பதும் எங்கள் கூடத்தில் மட்டும் நடந்ததல்ல என்று நினைக்கிறேன். முப்பது உயிர் தருகிற அந்தச் சங்கேதம் — மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ — பெருக்கல் வாய்ப்பாடு வராத பையனுக்கும் மனப்பாடம். கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ வேறொரு கேமைச் சோதித்துப் பார்க்கத் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கரன்ட் போனால் மட்டும் முப்பது உயிரும் ஒன்றாகப் போகும்.

கடைக்காரர் மாரியோ பக்கம், பையன் "ரெண்டுமே பழசு" பக்கம். நான் கான்ட்ராவுக்கு நின்றேன். மாரியோ இல்லாமல் ஒரு சுவரா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இது உலகத்தின் சுவர் இல்லை, எட்டு கம்ப்யூட்டர் உள்ள ஒரு கடையின் சுவர். நோட்டிலும் ஆச்சரியமாக கான்ட்ராவுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்திருந்தது. கான்ட்ரா உள்ளே.

இரண்டாவது சட்டத்துக்கு வாதமே தேவைப்படவில்லை. இருந்தாலும் இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல ஆசை. மோதியவை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991), முஸ்தபா (1993). இரண்டும் கேப்காம் கம்பெனி. முதலாவது ராச்செஸ்டரில் 2017இல் ஏறிவிட்டது. இரண்டாவதன் அசல் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. அமெரிக்கக் காமிக்ஸ் ஒன்றை வைத்துச் செய்தது. அந்தப் பெயரில் இங்கே கேட்டால் யாருக்கும் தெரியாது. அதில் வரும் நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா. ஓடிவந்து எகிறி அவன் விடுகிற உதைக்காகவே எல்லோரும் அவனைத்தான் எடுப்பார்கள். இரண்டாவது ஆளாக வருகிறவனுக்கு ஹன்னாவோ ஜாக்கோதான் மிச்சம்; மெஸ் என்கிற தடியன், சண்டை போட்டுத் தோற்றவனுக்கு.

அந்த கேம் பிற்பாடு எந்த வீட்டுப் பெட்டிக்கும் வரவே இல்லை. ஆர்கேடோடு நின்றது. அதனால் வெளிநாடுகளில் ஆர்கேடு மூடியதும் அது பெரும்பாலும் மறந்துபோனது. இங்கே கதை வேறு மாதிரிப் போனது. டோக்கன் போட்டு ஆடும் பார்லர்கள் மூடின அதே காலத்தில் பிரவுசிங் சென்டர்கள் திறந்தன. ஆர்கேடு கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற மேம் என்கிற எமுலேட்டரில் ஏறி, பென் டிரைவ் பென் டிரைவாக அது ஊரைச் சுற்றியது. பார்லரில் ஒரு டோக்கனுக்கு ஓர் ஆட்டம். செத்தால் எண்ணிக்கை ஒன்பதில் இருந்து இறங்கும்போது சட்டைப்பையைத் தடவுவோம். கம்ப்யூட்டரில் கீபோர்டின் 5ஐ அமுக்கினால் காசு போட்ட மாதிரி, 1ஐ அமுக்கினால் ஆட்டம் ஆரம்பம். 5ஐ அமுக்கிக்கொண்டே இருந்தால் கோடீஸ்வரன். பார்லரில் முதல் கட்டத்தைத் தாண்டாதவர்களெல்லாம் கடைசிக் கட்டத்து டைனோசர் மனிதனை அப்போதுதான் பார்த்தார்கள். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவதில் உடைந்த ஸ்பேஸ் பார்களுக்குக் கணக்கில்லை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இல்லாவிட்டால் இன்றைய சண்டை கேம்களே இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் அதில் நன்றாக ஆடுகிறவன் ஒருத்தன் உட்கார்ந்துவிட்டால் மற்றவன் அரை நிமிடத்தில் எழுந்து போக வேண்டும். முஸ்தபாவில் ஆடத் தெரியாதவனையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். சின்னத் தம்பிகளுக்கு ஜாய்ஸ்டிக் கிடைத்தது அதில்தான். நோட்டு உட்பட நாலு ஓட்டும் முஸ்தபாவுக்கே. பையன்கூட, கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு மாமாவின் லேப்டாப்பில் ஆடியிருக்கிறானாம்.

மூன்றாவது, ஜிடிஏ. ராச்செஸ்டர் 2016இல் எடுத்தது ஜிடிஏ 3ஐ. நகரத்தைத் திறந்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ என்று சொன்ன முதல் முப்பரிமாண ஜிடிஏ அது, அவர்கள் கணக்கு சரி. வைஸ் சிட்டி மறுவருடமே, 2002இல் வந்த தம்பி, கம்ப்யூட்டருக்கு 2003. நம் ஊரில் தம்பிதான் முதலில் வீட்டுக்குள் வந்தான். 1986இல் நடக்கிற கதை, மயாமி மாதிரி ஒரு கடற்கரை நகரம், பூப்போட்ட சட்டையில் டாமி. கதை என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ரிமோட் ஹெலிகாப்டரில் குண்டு வைக்கிற அந்த ஒரு மிஷனில் மாட்டி, அத்தோடு கதையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவர்கள்தான் அதிகம்.

அப்புறம் சீட் கோட், கேமையே ஏமாற்றுகிற ரகசிய வார்த்தைகள். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதி, நாலாக மடித்து, ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்போம். பான்சர் என்று அடித்தால் வானத்தில் இருந்து பீரங்கி வண்டி விழும். ஆஸ்பிரின் அடித்தால் உடம்பு சரியாகும். 'லீவ் மீ அலோன்' என்று அடித்தால் போலீஸ் போய்விடும். இங்கிலீஷ் டிக்டேஷனில் தப்பு விடுகிறவன் இதில் ஓர் எழுத்துப் பிசக மாட்டான். பின்னால் நிற்கிறவர்களுக்கு வேலை இருந்த கேமும் இதுதான்: ஒருத்தன் காகிதத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்வான், ஒருத்தன் மேப் பார்ப்பான், இன்னொருத்தன் "அந்த வண்டிய எடுறா" என்பான்.

இங்கே கடைக்காரர் தயங்கியது வேறு காரணத்துக்காக. பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மா அப்பாக்கள் துப்பாக்கியும் ரவுடித்தனமும் உள்ள கேமைச் சுவரில் பார்த்தால் என்ன சொல்வார்கள்? யோசிக்க வேண்டியதுதான். ராச்செஸ்டர் 2019இல் மார்ட்டல் காம்பட்டைச் சேர்த்தது. அதில் கொட்டிய ரத்தத்தைப் பார்த்து எழுந்த கூச்சலும் ஒரு காரணமாகத்தான் 1994இல் அமெரிக்காவில் கேம்களுக்கு வயதுத் தரச்சீட்டு முறையே வந்தது. அங்கே கொடுக்கிற மரியாதை ஒழுக்கச் சான்றிதழ் இல்லை. ஆனால் அருங்காட்சியகத்துக்குப் பெற்றோர் மணிக்கணக்கில் காசு கட்டுவதில்லை, கடைக்குக் கட்டுகிறார்கள். கடைசியில் ஒரு சமரசம்: வைஸ் சிட்டி உண்டு, படத்தில் துப்பாக்கி இருக்காது, கடற்கரைச் சாலையும் மோட்டார் பைக்கும் மட்டும். கீழே 18 வயதுக்கு மேல் என்று எழுத வேண்டும். நாங்கள் ஆடும்போது எங்களுக்கு என்ன வயது என்று யாரும் கேட்க வேண்டாம்.

நான்காவதில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும். எம்பயர்ஸ் அறிவாளிகளின் கேம், எனக்கும் பிடிக்கும். 2025இல் ராச்செஸ்டரின் இறுதிப் பட்டியல் வரை போய் வெளியே வந்தது. ஆனால் ஊரைக் கட்டி, விறகு வெட்டி, படை திரட்டி மோதுவதற்குள் மூன்று மணி நேரம் ஆகும். மணிக்கு இருபது ரூபாய் கொடுக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு சுற்று சில நிமிடம். செத்தால் அடுத்த சுற்று வரை கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டியதுதான். கூட்டம் தானாகவே உருவானது. ஹாஃப் லைஃப் கேமை மாற்றி மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் இலவசமாக வெளியிட்டது. அடுத்த வருடம் வால்வ் கம்பெனி வாங்கி விற்றது. நாம் ஆடிய 1.6 வந்தது 2003இல். இன்டர்நெட் வேண்டாம், நாலு சிஸ்டத்தை ஒயரால் இணைத்தால் போதும் என்பதுதான் இங்கே அதன் உயிர். பிராட்பேண்ட் சுற்றிச் சுற்றி நின்ற காலத்தில் அது பெரிய விஷயம். இன்ஜினியரிங் காலேஜ் சிம்போசியங்களில் பேப்பர் பிரசன்டேஷன் அறையில் பத்துப் பேர் இருப்பார்கள், லேன் கேமிங் அறைக்கு வெளியே செருப்பு மலை. டஸ்ட் 2 மேப்பின் சந்து பொந்து தெரிந்த அளவுக்குச் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகள் எனக்குத் தெரியாது. இதற்கும் எதிர்ப்பு இல்லை. வேலரன்ட் ஆடுகிற பையனுக்குத் தன் கேமின் தாத்தா யார் என்று தெரிந்திருந்தது.

ஐந்தாவது சட்டத்தில் என் அளவுகோலே எனக்கு எதிராகத் திரும்பியது. நோக்கியா பாம்பு கேமுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கட்டை விரல் அளவு திரை, நிற்கவும் முடியாது. ஃபின்லாந்தில் தனேலி அர்மண்டோ என்பவர் 1997இல் நோக்கியா 6110 போனுக்காக எழுதியது. வளைந்து நீளும் கோடு என்கிற யோசனை எழுபதுகளின் ஆர்கேடிலேயே இருந்தது என்றாலும், அதைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது அவர்தான். 2003இல் வந்த டார்ச் வைத்த 1100 போனில் பாம்பு 2 இருந்தது. அந்த போன் உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலையே ஓடியது. நம் வீட்டுப் பெண்கள், அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காராத ஒரு தலைமுறை ஆடிய முதல் வீடியோ கேம் அநேகமாக இதுதான். பல வீட்டு போனில் 2, 4, 6, 8 எண்கள் மட்டும் அழிந்திருக்கும். யார் அதிகப் புள்ளி என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் போட்டி நடந்த வீடு எனக்குத் தெரியும்.

இதற்கு எதிரே டெட்ரிஸ். அலெக்ஸி பாஜிட்னவ் 1984இல் மாஸ்கோவில் எழுதியது. நமக்கு அது ஆடிப் பண்டிகைக் கடையில் வாங்குகிற பிரிக் கேம். கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவே தொங்கும். கேமாகப் பார்த்தால் டெட்ரிஸ் பாம்பைவிட உயர்ந்தது, சந்தேகமே இல்லை. பிரிக் கேமோ பேட்டரி தீர்ந்ததும் பரணுக்குப் போனது. போன் அப்படிப் போகாதே, கையிலேயே இருந்தது. விண்டோஸ் சொலிட்டேரும் பரிசீலனையில் இருந்தது. 1990இல் வந்து மவுஸைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொடுத்த சீட்டாட்டம், ராச்செஸ்டரில் 2019இல் ஏறியது. அதற்குச் சுவரெடுக்க வேண்டிய இடம் கேமிங் சென்டர் இல்லை, அரசு அலுவலகம் என்று கடைக்காரர் சொன்னதோடு அது முடிந்தது. பாம்பு உள்ளே, என் அளவுகோலில் இருந்து ஒரு விலக்கு. ராச்செஸ்டர் நான்காவது அளவுகோலுக்குக் கொடுக்கிற சலுகை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவதுக்குத்தான் உண்மையான அடிதடி. ரோட் ரேஷ், டேஞ்சரஸ் டேவ், கிரிக்கெட் 07, பப்ஜி, ஃப்ரீ ஃபயர் எல்லாம் இந்த ஒரே இடத்துக்கு நின்றன.

டேஞ்சரஸ் டேவ் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபின் கேம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஒரே ஏசி அறையில், சார் திரும்பி போர்டில் எழுதும் நேரத்தில் ஆடியது. அதை எழுதிய ஜான் ரொமேரோதான் பின்னால் டூமை உருவாக்கியவர்களில் ஒருவர். ராச்செஸ்டர் டூமை எடுத்தது, டேவை எடுக்கவில்லை. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் மட்டும் பெரிதாக ஓடிய ஆரிகன் டிரெயிலை 2016இல் எடுத்தது. அந்த நியாயம் அவர்களுக்கு உண்டென்றால் டேவுக்கு இங்கே உண்டு. ஆனால் பயந்து பயந்து தனியாக ஆடியது என்பதால் தள்ளி வைத்தோம்.

ரோட் ரேஷை விடுவது எனக்கு மனசே இல்லை. பைக்கில் போகிறபோதே பக்கத்து ஆளை உதைப்பதும், சங்கிலியைப் பிடுங்கி அவனையே அடிப்பதும் யாருக்குத்தான் பிடிக்காது. கூட்டமும் கூடியது. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் ஓட்டுகிற சிலரைப் பார்த்தால் அவர்கள் இன்னும் அந்த கேமுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் பதிப்பு 1996இல் வந்தது, கொஞ்ச வருடம் ஓடியது, நின்றது. பைக் நிறுத்தும் இடத்துச் சுவரில் அதன் படத்தை வரையலாம் என்று சொல்லிவிட்டேன்.

கிரிக்கெட் 07, 2006 நவம்பரில் வந்தது. ஈஏ கம்பெனி அதோடு கிரிக்கெட்டையே கைவிட்டது. கேமாக ஓட்டை உடைசல் நிறைய. இந்திய அணிக்கு உரிமம் வாங்காததால் நம் ஆட்களின் பெயரைக் கொஞ்சம் திருகி வைத்திருந்தார்கள். முதல் வேலையே உட்கார்ந்து பெயர் திருத்துவதுதான். அதிலிருந்து ஆரம்பித்த வேலை இன்னும் நிற்கவில்லை. ஐபிஎல் வந்ததும் ஐபிஎல் பேட்ச், புது ஜெர்சி, புது மட்டை, புது மைதானம் என்று ரசிகர்களே செய்து செய்து ஏற்றினார்கள். அதனால்தான் 2006இல் வந்த கேமில், 2020இல் இந்திய அணிக்கு ஆடத் தொடங்கிய நம் சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து வீசுகிறார். கம்பெனி கைகழுவிய பிறகு இவ்வளவு காலம் ஆடுகிறவர்களே காப்பாற்றிய கேம் இந்தப் பட்டியலில் வேறு இல்லை. நீடித்து நிற்பது என்கிற அளவுகோலுக்கு இதைவிட என்ன வேண்டும்? பல நாடு என்கிற அளவுகோலில் இடிக்குமே என்றால், ராச்செஸ்டர் 2018இல் ஜான் மேடன் ஃபுட்பாலை எடுத்ததைச் சொல்வேன். அமெரிக்கக் கால்பந்தை அந்த நாட்டுக்கு வெளியே எத்தனை பேர் ஆடுகிறார்கள்? 2025 வரை அங்கே ஒரு கிரிக்கெட் கேம்கூட ஏறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பையன் விடவில்லை. பப்ஜி போனுக்கு 2018இல் வந்தது, 2020 செப்டம்பரில் தடையானது, பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் மறுவருடம் வந்தது, 2022இல் மறுபடி போய் 2023இல் மறுபடி வந்தது; இத்தனைக்கும் சாகாத கேமுக்கு இடமில்லையா என்றான். ஃப்ரீ ஃபயர் பற்றி அவன் சொன்னதில் இன்னும் விஷயம் இருந்தது. பப்ஜிக்கு நல்ல போன் வேண்டும், ஓர் ஆட்டத்துக்கு நூறு பேர், அரை மணி நேரம். ஃப்ரீ ஃபயர் மலிவு போனிலும் ஓடும், ஐம்பது பேர், பத்து நிமிடம். லாக்டவுனில் ஆன்லைன் கிளாஸுக்கென்று வீட்டில் வாங்கிக் கொடுத்த போன் எந்தத் தரமோ அந்தத் தரத்துக்கு அதுதான் பொருந்தியது. பின்னால் நிற்கவில்லையே என்றதற்கு, "நாலு பேரும் நாலு வீட்டுல இருந்துட்டு ஹெட்செட்ல கத்திட்டே இருந்தோம் மாமா, அது நின்ன மாதிரி இல்லையா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பப்ஜியா ஃப்ரீ ஃபயரா என்றால் சேலத்துக்கு ஃப்ரீ ஃபயர் என்பதில் நானும் அவன் கட்சியாகிவிட்டேன்.

இருந்தாலும் காலம் போதவில்லை. ராச்செஸ்டரில் வருட வரையறை என்று ஒன்று கிடையாது. ஆனால் புதிதாக வந்தவற்றில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், மைன்கிராஃப்ட், தி லாஸ்ட் ஆஃப் அஸ் எல்லாமே வந்து ஏறக்குறைய பத்து வருடம் கழித்துத்தான் உள்ளே போயிருக்கின்றன. நாங்கள் அதை எழுத்து விதியாகவே வைத்துக்கொண்டோம்: இந்தியாவில் ஆட ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகாத கேம் சுவரில் ஏறாது. நோட்டின் ஓட்டு ஃப்ரீ ஃபயருக்கு, பையன் ஓட்டும் அதற்கே. கடைக்காரரும் நானும் கிரிக்கெட். இரண்டுக்கு இரண்டு என்று நின்றதை இந்த விதிதான் தீர்த்தது. விதியை இடையில் நுழைத்தது அழுகுணி ஆட்டம் என்று பையன் சொல்கிறான், அப்படியும் சொல்லலாம்.

அச்சுக்குக் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு சட்டத்துக்கும் கீழே கேமின் பெயர், வந்த வருடம், அது எந்த வழியாக இந்த ஊருக்கு வந்தது என்று மூன்று வரி: கேசட், டோக்கன், நகல் சிடி, லேன் ஒயர், நோக்கியா, பேட்ச். வருடத்துக்கு ஒன்றுதான் இனிமேல் சேர்க்க வேண்டும், அதுவும் ஆடி மாதத்தில், நோட்டைப் பதினைந்து நாள் முன்னாலேயே கவுன்டரில் வைத்துவிட வேண்டும் என்று பேசியிருக்கிறோம். அடுத்த ஆடிக்கு ரோட் ரேஷும் டேவும் மறுபடி நிற்கின்றன. மாரியோவுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் பிரசாரம் செய்துகொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் கடைக்காரரின் மனைவி.